ரியாசான் மாடுகளும் கிரெம்ளின் நாற்காலியும்

அன்புள்ள தம்பிக்கு,

சோவியத் ஒன்றியத்தில் நிலம், விதைப்புத் திட்டம், ரொட்டி விலை எல்லாமே அரசின் கையில் இருந்தன. ஆகவே விளைச்சல் பொய்த்தால், மழையின் மேல் பழிபோட்டு ஆட்சியாளர்கள் தப்பிக்க முடியாது. கட்சிக்குள் பதவிப் போட்டி மூளும்போது தானியக் கணக்கு ஆயுதமாயிற்று.

சோவியத் தலைவர் நிகிதா குருஷ்சேவ் இந்த ஆயுதத்தால் வளர்ந்தவர். கசகஸ்தான், மேற்கு சைபீரியப் புல்வெளிகளை உழுது கோதுமை விதைக்கும் திட்டத்தை 1954இல் தொடங்கினார். லட்சக்கணக்கான இளைஞர்கள் ரயிலேறிப் போய்க் கூடாரங்களில் தங்கினார்கள். 1956இல் நாடு முழுவதும் சுமார் 12.5 கோடி டன் தானியம் விளைந்தது. பாதிக்கு மேல் புது நிலங்களில். குருஷ்சேவின் கை ஓங்கியது.

இறைச்சி, பால், வெண்ணெயில் அமெரிக்காவை எட்டிப்பிடிப்போம் என்று 1957இல் அறிவித்தார். ரியாசான் மாகாணக் கட்சிச் செயலாளர் அலெக்சேய் லரியோனவ், 1959இல் ஒரே ஆண்டில் மூன்று மடங்கு இறைச்சி தருவதாக வாக்களித்தார். அந்த அளவுக்கு மாடு எங்கே இருக்கிறது? கறவை மாடுகளும் இனவிருத்திக்கு வைத்திருந்தவையும் வெட்டப்பட்டன. குடியானவர் வீட்டுக் கொட்டிலில் நின்ற பசுவும் தப்பவில்லை. போதாததற்குப் பக்கத்து மாகாணங்களில் மாடு வாங்கி வந்து கணக்கில் சேர்த்தார்கள். லரியோனவுக்கு 'சோஷலிச உழைப்பின் வீரர்' பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு வெட்ட மாடில்லை. பதவி போனது, 1960இலேயே அவர் இறந்தார். தற்கொலை என்று பேசப்பட்டது. சோவியத் வரலாற்றில் ஸ்புட்னிக் செயற்கைக்கோளைப் படிப்பவர்கள் இந்த மாடுகளையும் படிக்க வேண்டும்.

அரசு தந்த கொள்முதல் விலை, மாடு வளர்க்கும் செலவுக்கே கட்டவில்லை. பண்ணைகளுக்குக் கூடுதலாகக் கொடுப்பதற்காக 1962 ஜூனில் கடைகளில் இறைச்சி விலை 30 சதவீதமும் வெண்ணெய் விலை 25 சதவீதமும் ஏற்றப்பட்டன. நோவோசெர்காஸ்க் நகரத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். ராணுவம் சுட்டதில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; செய்தி பல ஆண்டுகள் மூடி மறைக்கப்பட்டது.

1963இல் வறட்சி. உழுத புல்வெளிகளின் மேல்மண்ணைக் காற்று அள்ளிப்போனது. முந்தின ஆண்டு 14 கோடி டன்; இந்த ஆண்டு சுமார் 10.75 கோடிதான். தங்கத்தை விற்றுக் கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கோதுமை வாங்க நேர்ந்தது.

1964 அக்டோபரில் கட்சியின் மத்தியக் குழு குருஷ்சேவைப் பதவியிலிருந்து இறக்கியது. வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன. வேளாண்மைத் தோல்வி அவற்றில் பெரியது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் லியோனிட் பிரெஷ்னேவ்: 1956 அறுவடைக்கு முன் கசகஸ்தான் கட்சித் தலைமையிலிருந்து அந்தப் புல்வெளிகளை உழவைத்தவர்.

அன்புடன்,
அண்ணன்