கெளுத்தியின் தலையைப் பார்த்து எடுங்கள்

ராயபுரம் பக்கம் மழை பெய்து நொய்யலிலும் குளங்களிலும் தண்ணீர் வந்தால், தூண்டில்களும் வந்துவிடும். சிக்கிய கெளுத்தியை உயிரோடு கொண்டுவந்து கிணற்றிலோ பண்ணைக் குட்டையிலோ விடுபவர்கள் உண்டு. விடுமுன் அது நாட்டுக் கெளுத்தியா, ஆப்பிரிக்கக் கெளுத்தியா என்று பார்த்துவிட வேண்டும்.

இரண்டுக்கும் நான்கு ஜோடி மீசை உண்டு. அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. தலை ஓட்டின் பின்விளிம்பைத் தடவிப் பாருங்கள். நாட்டு இனத்தில் அது ஆங்கில 'வி' எழுத்துப் போல ஒரே முனையாக நீண்டிருக்கும். ஆப்பிரிக்க இனத்தில் 'டபிள்யூ' போல இருக்கும். உடலிலும் திட்டுத் திட்டாக நிறம் தெரியும். மீன் இரண்டு, மூன்று கிலோ இருந்தால் சந்தேகமே வேண்டாம், ஆப்பிரிக்கக் கெளுத்திதான். பிடிக்கும்போது கையில் பனியன் வேஸ்ட் சுற்றிக்கொள்ளுங்கள். துடுப்பு முள் குத்தினால் கடுக்கும்.

இது கிடைத்ததையெல்லாம் தின்னும். குட்டையில் விட்ட கட்லா, ரோகு குஞ்சுகள் தப்பாது. காற்றையும் சுவாசிப்பதால் கெட்ட தண்ணீரிலும் பிழைக்கும். (சாயக்கழிவு கலந்த நீரில் பிடித்த மீன் எதுவானாலும் சமைக்காதீர்கள்.) குட்டை நிரம்பி வழிந்தால் ஓடையில் இறங்கி ஆற்றுக்குப் போய்விடும். நாட்டு மீன்களுக்கு ஆபத்து என்பதால் மத்திய அரசு 1997-ல் இதன் வளர்ப்புக்குத் தடை விதித்தது.

ஆகவே, சிக்கிய ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் திரும்பத் தண்ணீரில் விடவும் கூடாது, கரையிலேயே கொன்றுவிடுங்கள். நாட்டுக் கெளுத்திக் குஞ்சானால், பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம்.