கடைசிச் சைக்கிள் ஏன் திணறுகிறது?

பத்து நண்பர்கள் சைக்கிளில் சுற்றுலா புறப்படுகிறீர்கள். எல்லோருக்கும் ஒரே பாதை, ஒரே தூரம். ஆனால் கடைசியில் வருபவருக்கு மட்டும் அதிகமாக மூச்சு வாங்குகிறது. "அவருக்குத் தெம்பு போதாது" என்கிறோம். அது மட்டும்தானா காரணம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ரயில்வே கேட் மூடியிருக்கிறது. பத்து சைக்கிள்களும் 2 மீட்டருக்கு ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. முதல் சைக்கிளிலிருந்து கடைசிச் சைக்கிள் 18 மீட்டர் பின்னால் இருக்கிறது. கேட் திறந்ததும் முதல் ஆள் கிளம்புகிறார். முன்னால் இருப்பவர் நகர்வதைக் கண்ட பிறகே அடுத்தவர் பெடலை மிதிக்கிறார். இதற்கு ஒரு வினாடி ஆவதாகக் கொள்வோம். கடைசி ஆள் 9 வினாடி தாமதமாகக் கிளம்புவார். எல்லோரும் மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தை அடையும்போது, இடைவெளி 9 × 5 = 45 மீட்டர் கூடியிருக்கும். 18 மீட்டர் வரிசை 63 மீட்டராகிவிட்டது!

ஓடும்போது 4 மீட்டருக்கு ஒரு சைக்கிள் என்றால் வரிசையின் நீளம் 36 மீட்டர். மீதி 27 மீட்டரைக் கடைசி ஆள் எட்டிப் பிடிக்க வேண்டும். வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் போனால் 27 வினாடி ஆகும். வேகம் 1.2 மடங்குதான். ஆனால் காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால் 1.44 மடங்காகிறது. அதை வெல்லத் தேவையான திறனோ சுமார் 1.73 மடங்கு! முன் சைக்கிளின் மறைவும் அவருக்கு இல்லை.

வளைவிலும் சந்தைத் தெருவிலும் இதே கதைதான். முன்னவர் லேசாகப் பிரேக் பிடித்தால், பின்னவர் தாமதமாக, ஆகவே இன்னும் அழுத்திப் பிடிக்கிறார். வரிசை ஆர்மோனியத் துருத்திபோல் சுருங்கி விரிகிறது. ஒவ்வொரு பிரேக்கிலும் மிதித்துச் சேர்த்த இயக்க ஆற்றல் வெப்பமாகி வீணாகிறது. மோட்டார் வாகனங்களிலும் இப்படித்தான். ஜப்பானிய விஞ்ஞானிகள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஓடவிட்டனர். எந்தத் தடையும் இல்லாமலே நெரிசல் தோன்றிப் பின்னோக்கி நகர்ந்தது. இந்த ஆய்வு 2008-ல் வெளியாயிற்று.

இன்னொரு அநீதியும் உண்டு. முன்னே போனவர்கள் நிழலில் காத்திருக்கிறார்கள். கடைசி ஆள் வந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். ஓய்வு மிகவும் தேவைப்படுபவருக்கே அது கிடைப்பதில்லை.

என்ன செய்யலாம்? களைத்தவரை இரண்டாவது, மூன்றாவது இடத்தில் விடுங்கள். பலசாலி ஒருவர் பம்பும் பஞ்சர் சாமானும் எடுத்துக்கொண்டு கடைசியில் வரட்டும். கேட்டையும் வளைவையும் தாண்டிய பின், கடைசி ஆள் சேரும்வரை முதல் ஆள் மெதுவாகப் போகட்டும். ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் வந்த பிறகே கணக்கிடுங்கள்.

செய்து பாருங்கள்: விளையாட்டுத் திடலில் பத்துப் பேர் ஒரு கை தூரத்தில் வரிசையாக நில்லுங்கள். முன்னவர் நகர்ந்த பிறகே அடுத்தவர் நடக்க வேண்டும். பிறகு விசில் ஒலித்ததும் எல்லோரும் ஒன்றாக நடங்கள். இரண்டு முறையும் வரிசையின் நீளத்தை அளந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஏன்?