வளர்ப்புச் சிலந்தி கடித்தால் ஆபத்தா?

கேள்வி: தம்பி வளர்க்கும் டரான்டுலா, தொட்டியைக் கழுவும்போது அவன் விரலில் கடித்துவிட்டது. உயிருக்கு ஆபத்தா?

பதில்: பதறாதீர்கள். டரான்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. கடிவாயைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடவே கூடாது. டி.டி. ஊசி தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எந்த இனம் என்பதே முக்கியம். சிலி ரோஸ் போன்ற அமெரிக்க இனங்கள் கடித்தால் வலியும் வீக்கமும் பெரும்பாலும் விரைவில் அடங்கிவிடும். அவற்றின் வயிற்று முடிதான் பெரிய தொல்லை. 2009-இல் இங்கிலாந்தின் லீட்ஸில், தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரின் கருவிழியில் அந்த முடிகள் தைத்திருந்ததை மருத்துவர்கள் கண்டார்கள்.

இந்தியா, இலங்கைக் காடுகளில் மரங்களில் வாழும் பொசிலோதீரியா கடித்தால் கதை வேறு. பல மணி நேரம் கழித்துக்கூடக் கை கால் தசைகள் பிடித்து இழுக்கும். விஷமுறிவு மருந்து கிடையாது. தசையைத் தளர்த்தும் மருந்துதான் கொடுப்பார்கள். தசை இழுத்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிலந்தியின் படத்தையும் காட்டுங்கள்.

இனிமேல் தொட்டிக்குள் வெறும் கையை விடவேண்டாம் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நீண்ட இடுக்கியும் கையுறையும் கண்ணாடியும் அவசியம்.