சர்க்கரை உள்ளவர்களின் கண்ணுக்குக் கீரை என்ன செய்யும்?

முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, பசலை எல்லாவற்றிலும் பச்சைக்குள் ஒரு மஞ்சள் நிறமி ஒளிந்திருக்கிறது. பெயர் லூட்டீன். நம் விழித்திரையின் நடுப்பகுதியிலும் இதே நிறமிதான் படிந்திருக்கிறது. உடம்பு இதைத் தானாகத் தயாரிக்காது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். சர்க்கரை ஏறினால் விழித்திரை செல்களுக்கு ஏற்படும் சேதத்தை லூட்டீனும், மஞ்சளிலுள்ள குர்குமினும், வெங்காயத்திலுள்ள குவர்செட்டினும் குறைப்பதாக எலிகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. மனிதர்களிடம் இன்னும் உறுதியாகவில்லை. ஆகவே கீரையை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

லூட்டீன் கொழுப்பில்தான் கரையும். வெறும் தண்ணீரில் வேகவைத்த கீரையைவிட எண்ணெய் சேர்த்த பொரியல் நல்லது. ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு வெடித்ததும் சின்ன வெங்காயத்தை வதக்கி, உருவிய முருங்கை இலையைப் போட்டுப் பச்சை மாறுவதற்குள் இறக்குங்கள். மஞ்சள் சேர்க்கும் குழம்பில் மிளகும் இருக்கட்டும். குர்குமினை உடம்பு ஏற்க அது உதவும். குர்குமின் மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம், முக்கியமாக ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள்.

விழித்திரை பாதிப்பு தொடக்கத்தில் வலிக்காது, பார்வையும் மங்காது. அதனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரித்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சில மணி நேரம் வெளிச்சம் கூசும், வண்டி ஓட்டக் கூடாது. வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். திடீரெனக் கண்முன் கரும்புள்ளிகள் மிதந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் கிளம்புங்கள்.