எது சிறந்தது என்று கேட்கும் தம்பிக்கு



நீ அனுப்பிய அட்டவணையை நிதானமாகப் படித்தேன். மொன்டெக்ரிஸ்டோ நம்பர் 2, பத்ரோன் 1964 ஆனிவர்சரி, டேவிடாஃப் கிராண்ட் க்ரூ என்ற மூன்று சிகார்களையும் வரிசையாக வைத்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருக்கிறாய். கடைசி வரியில், “இதில் எதை முதலில் வைப்பது?” என்று கேட்டிருக்கிறாய். துபாய்க் கடையில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இவ்வளவு அக்கறையோடு எழுதுகிறாயே என்று மகிழ்ந்தேன். ஆனால் உன் கேள்விக்கான பதில் அந்த அட்டவணைக்குள் இல்லை. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் பலரும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். அதனால் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். எது உயர்ந்தது என்ற கேள்வியைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வை. இது ஏன் அதிலிருந்து வேறுபடுகிறது என்று கேட்கப் பழகு. முதல் கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் உண்டு. இரண்டாவதற்கு இலை பதில் சொல்லும்.

உன் மூன்று சிகார்களையே எடுத்துக்கொள். மொன்டெக்ரிஸ்டோ கியூபாவின் இலை. முனை கூம்பிய வடிவம், 156 மில்லிமீட்டர் நீளம், 52 ரிங் கேஜ். பத்ரோன் நிகராகுவாவின் இலை. சதுரமாக அழுத்தப்பட்டது, நான்கு ஆண்டு பதப்பட்ட புகையிலையில் சுற்றியது. டேவிடாஃப் டொமினிக்கன் குடியரசில் செய்யப்படுவது, நீ வாங்கியது மெலிந்த அளவு. நாடு வேறு, வடிவம் வேறு, பருமன் வேறு, பதப்படுத்திய முறையும் வேறு. நாக்கில் ஒரு மாற்றம் தெரிந்தால் அது எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வாய்? ஒப்பிடுவது என்றால் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சமமாக்குவது. அதைச் செய்யாமல் போட்ட மதிப்பெண்ணில் உன் அன்றைய மனநிலைதான் இருக்கும்.

பருமனைச் சிறிய விஷயமாக நினைத்துவிடாதே. ரிங் கேஜ் என்பது ஓர் அங்குலத்தை 64 பங்காக்கிய கணக்கு. 50 என்றால் விட்டம் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். ஒரே மாவை மெல்லிய முறுகலாகவும் கனத்த ஊத்தப்பமாகவும் வார்த்தால் சுவை மாறுகிறது அல்லவா, இங்கேயும் அப்படித்தான். சிகார் மெலிய மெலிய, உள்ளே இருக்கும் இலையின் பங்கு குறைந்து மேலே சுற்றிய இலையின் குரல் ஓங்கும். தடித்த சிகாரில் உள்ளிலைகளின் கலவைதான் பேசும். அந்தக் கலவையும் அளவுக்கு அளவு மாறும்.

அந்தக் கலவையை நீ செடியிலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். செடியின் அடியில் இருக்கும் இலை வொலாடோ. சுவை குறைவு, ஆனால் நன்றாகப் பற்றி எரியும். நடுவில் இருப்பது செகோ. மணம் பெரும்பாலும் அதில்தான். மேலே வெயிலை நேராக வாங்கும் தடித்த இலை லிகேரோ. வலு அதில் இருக்கிறது, எரிவதும் மெதுவாக. அதனால்தான் சுற்றுபவர் லிகேரோவை நட்டநடுவில் வைக்கிறார். ஓரத்தில் வைத்தால் ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் நின்றுவிடும். இவற்றைச் சேர்த்துப் பிடிப்பது கட்டிலை. எல்லாவற்றுக்கும் மேலே வழுவழுப்பாகத் தெரிவது மேலிலை. கியூபாவில் மேலிலைக்கான செடியை மெல்லிய துணிப் பந்தலின் நிழலில் வளர்க்கிறார்கள், உள்ளிலைக்கானதைத் திறந்த வெயிலில். ‘இது வலுவாக இருக்கிறது’ என்று எழுதும்போது எந்த இலை அந்த வலுவைத் தந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு எழுது.

இனி உனக்கு ஒரு பயிற்சி. பார்தகாஸ் செரீ டி நம்பர் 4, ஓயோ டி மொன்டெரே எபிகியூர் நம்பர் 2, ரமோன் அயோனெஸ் ஸ்பெஷலி செலெக்டட் மூன்றையும் எடு. மூன்றும் கியூபா. மூன்றும் ரொபஸ்டோ அளவு, 124 மில்லிமீட்டர், 50 ரிங் கேஜ். ஆனால் ஓயோ மென்மையாகப் போகும், பார்தகாஸ் மண்ணும் மிளகுமாக நாக்கில் ஏறும். நாடும் அளவும் வடிவமும் ஒன்றாக இருக்கும்போது மிஞ்சுவது கலவை மட்டும்தான். கலப்பவரின் கை என்றால் என்ன என்று இங்கேதான் தெரியும். ஒரே நாளில் மூன்றையும் தொடாதே. வெவ்வேறு நாளில், ஒரே வேளையில், ஒரே மாதிரிச் சாப்பாட்டுக்குப் பின், தண்ணீர் மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்.

அடுத்த பயிற்சி மேலிலைக்கு. பத்ரோன் 1964 வரிசையில் ஒரே அளவு, நேச்சுரல் என்றும் மதுரோ என்றும் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. இரண்டையும் எடுத்துக்கொள். கறுத்த மதுரோ கடுமையாக இருக்கும் என்று உன் வாடிக்கையாளர்கள் நினைப்பார்கள், நீயும் நினைத்திருப்பாய். கறுப்பு பெரும்பாலும் நீண்ட நொதித்தலில் வருவது, அதனோடு ஒரு மெல்லிய இனிப்பும் வரும். நிறத்தைப் பார்த்து வலுவைச் சொல்லக் கூடாது. இந்த ஒரு பாடத்தை நீ நேராக உணர்ந்துவிட்டால், கடையில் நாள்தோறும் நடக்கும் பாதி தவறான பரிந்துரைகள் நின்றுபோகும்.

மூன்றாவது, காலமும் சேமிப்பும். புதிதாகச் சுற்றிய சிகாரில் அம்மோனியா வாடை இருக்கும். இலை அடுக்கிலே தொடங்கிய நொதித்தல் முழுவதும் அடங்கியிருக்காது. கியூபப் பெட்டியின் அடியில் மாதமும் ஆண்டும் முத்திரையிட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் எந்தக் கியூப சிகாரைப் பற்றியும் கருத்துச் சொல்லாதே. விளைச்சலும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2022 செப்டம்பரில் இயன் புயல் கியூபாவின் பினார் டெல் ரியோவில் இலை உலர்த்தும் கொட்டகைகளைப் பெருமளவில் சாய்த்துப் போட்டது. உலகம் கொண்டாடும் இலை விளைவது அந்த மாகாணத்தில்தான். பெயர் அப்படியே இருக்கும், அதன் பின்னால் இருக்கும் வயலின் நிலைமை மாறிக்கொண்டே இருக்கும்.

ஊரின் வெப்பத்தையும் மறக்காதே. 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் சிகாருக்கு ஏற்றது. உன் கடையின் ஏசி காற்றில் ஒரு மதியம் திறந்து கிடந்தாலே மேலிலை வெடிக்கும், புகை சுடும், கசக்கும். விடுமுறைக்குச் சென்னை வரும்போது நேர்மாறான தொல்லை: ஈரம் ஏறினால் இழுக்கவே வராது, சூடு 25 டிகிரியைத் தாண்டினால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரியும். காய்ந்துபோன ஒன்றையும் நன்றாகக் காத்த ஒன்றையும் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்வது சுற்றியவருக்குச் செய்யும் அநியாயம்.

இனி பெயரைப் பற்றி. 1960இல் கியூப அரசு சிகார் ஆலைகளை நாட்டுடைமையாக்கியது. உரிமையாளர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். 1962இல் அமெரிக்கா வணிகத் தடை விதித்தது. அதனால் மொன்டெக்ரிஸ்டோ, பார்தகாஸ், எச். உப்மன், ரோமியோ இ ஹூலியெட்டா எல்லாவற்றுக்கும் இன்று இரட்டை வாழ்க்கை. கியூபாவில் செய்வது ஒன்று, அமெரிக்கச் சந்தைக்காக வெளியே, வேறு நிறுவனம், வேறு இலையில் செய்வது இன்னொன்று. ‘மொன்டெக்ரிஸ்டோ எனக்குப் பிடிக்கவில்லை’ என்று அமெரிக்காவிலிருந்து வந்த வாடிக்கையாளர் சொன்னால், எந்த நாட்டில் செய்தது என்று முதலில் கேள். இரண்டு பேர் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு இரண்டு வேறு பொருளைப் பற்றிச் சண்டை போடுவதை இந்தத் தொழிலில் நீ அடிக்கடி பார்ப்பாய்.

பெயரை விட விலை இன்னும் வலுவாக நாக்கை ஏமாற்றும். 2022இல் கொஹிபா, டிரினிடாட் என்ற இரண்டு கியூபச் சிகார்களின் விலையையும் உலகம் முழுவதும் ஹாங்காங் விலைக்கு இணையாக உயர்த்தினார்கள். இலை அதே இலை, விலை மட்டும் பல ஊர்களில் பல மடங்கானது. அதன் பிறகு அதைப் புகைப்பவர் தான் கொடுத்த பணத்துக்கு ஒரு காரணம் தேடுகிறார், அந்தக் காரணம் நாக்கில் கிடைத்துவிட்டதாகவும் நம்புகிறார். ஆகையால் ஒப்பிடும்போது காகிதப் பட்டையைக் கழற்றிவிடு. நீயே கழற்றினால் பயன் இல்லை. உடன் வேலை செய்பவரைக் கழற்றச் சொல், அவர் ஓர் எண்ணை மட்டும் எழுதி உன்னிடம் கொடுக்கட்டும். குறிப்பை எழுதி முடித்த பிறகே பெயரைக் கேள். பெயர் தெரிந்தபின் ஒரு சொல்லைக்கூட மாற்றாதே. சில முறை செய்து பார்த்தால் உன் விருப்பங்களில் எத்தனை உண்மையில் உன்னுடையவை என்று தெரிந்துவிடும்.

இனி புகைக்கும் முறை. நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் இழுக்காதே. அவசரமாக இழுத்தால் முனை சூடேறி எல்லாச் சிகாரும் ஒரே கசப்பாகிவிடும். பற்றவைக்கும் முன்பு வெறும் காற்றை இழுத்துப் பார். பாதி விஷயத்தை அதுவே சொல்லும். சிகாரை மூன்று பங்காகப் பிரித்து எழுது, முதல் பங்கும் கடைசிப் பங்கும் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம். சாம்பல் வெளுப்பாக இருந்தால் உயர்ந்தது என்று சொல்வார்கள், நம்பாதே. சாம்பலின் நிறம் மண்ணிலிருந்து இலை எடுத்த தாதுக்களைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது.

உன் குறிப்பில் ‘பழைய ஓக் மரம்’, ‘குதிரைச் சேணத்தின் தோல்’ என்றெல்லாம் படித்தேன். அவற்றை நீ முகர்ந்திருக்கிறாயா? முகர்ந்திராத வாசனையை எழுதினால் அது பிறருடைய நினைவு. உனக்குத் தெரிந்தது மிளகு, வறுத்த கொத்தமல்லி, கருப்பட்டி, பச்சைக் கடுக்காயின் துவர்ப்பு. அதை எழுது. பின்னொரு நாள் அதே சிகாரை எடுக்கும்போது உன் குறிப்பு உனக்கு உதவும்.

ஒன்றைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மதுவை ருசி பார்ப்பவர் துப்பிவிடலாம், காப்பி ருசி பார்ப்பவரும் துப்பிவிடலாம். நம் தொழிலில் துப்புவதற்கு வழியில்லை. சிகார் புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாயின் சவ்வு வழியாகவே நிக்கோட்டின் உடம்பில் சேரும். பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள் இதோடு வருபவை. இதில் விவாதம் இல்லை. ஆகவே நிறையப் புகைத்துக் கற்கலாம் என்று நினைக்காதே. குறைவாகப் புகை, கூடுதலாக முகர், தொடு, படி, எழுது. ஒன்றுக்கு மேல் பற்றவைத்த நாளில் நாக்கு மரத்துப்போகும், உன் குறிப்புக்கும் மதிப்பு இருக்காது. உடம்புக்கும் தொழிலுக்கும் இங்கே ஒரே அறிவுரைதான்.

புகையில்லாமல் கற்க நம் ஊரிலேயே இடம் இருக்கிறது. திருச்சிச் சுருட்டு ஒரு காலத்தில் லண்டன்வரை பெயர் பெற்றிருந்தது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, கிடக்கும் சாம்பலைப் பார்த்துத் திருச்சிச் சுருட்டு என்று அந்தத் துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். நல்ல ஒப்பீடு எதில் நிற்கிறது என்று அந்த ஒரு காட்சியே காட்டும்: முன்பு உற்றுப் பார்த்துச் சேர்த்து வைத்த கவனத்தில். அடுத்த விடுமுறையில் திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் போ. புகையிலை உலரும் கொட்டகையில் நில், இலையைக் கையால் நீவிப் பார், பாடம் பண்ணும்போது அடுக்கின் உள்ளே எவ்வளவு சூடு என்று கேள். சுருட்டு சுற்றும் கைகளைப் பார்த்த பிறகு, ஒரு மனிதரின் ஒரு நாள் வேலைக்கு நூற்றுக்கு 83 என்று எழுத உன் பேனா தயங்கும். அந்தத் தயக்கம் உனக்கு நல்லது.

மதிப்பெண்ணைவிட அந்த மனிதர்கள் பெரியவர்கள். ஹவானா ஆலைகளில் சுற்றுபவர்கள் வேலை செய்யும்போது ஒருவர் உரக்கப் படித்துக்காட்டும் வழக்கம் 1865இலிருந்து இருக்கிறது. காலையில் செய்தித்தாள், பிறகு நாவல். தொடக்கத்தில் படிப்பவருக்குத் தொழிலாளர்களே தம் கூலியிலிருந்து பணம் கொடுத்தார்கள். இலையைச் சுற்றிய கைக்குப் பின்னால் கேட்டு யோசித்த தலையும் இருந்தது. உன் குறிப்புகளில் அந்த மரியாதை தெரியட்டும்.

கடைசியாக, உன் வேலையின் பயன். நாளைக்கு ஒருவர் வந்து, “எது நல்லது?” என்று கேட்பார். உனக்குப் பிடித்ததை நீட்டாதே. எவ்வளவு நேரம் இருக்கிறது, சாப்பிட்டாகிவிட்டதா, இதுவரை எது ஒத்துக்கொண்டது, எது தலைசுற்ற வைத்தது என்று கேள். சாப்பிடாமல் வந்தவருக்கு லிகேரோ மிகுந்ததைக் கொடுத்து அனுப்பாதே. அரைமணி நேரமே உள்ளவரிடம் ஒன்றரை மணி நேரச் சிகாரை விற்காதே. விலை குறைந்தது அவருக்குப் பொருந்துமானால் அதையே எடுத்துக் கொடு. நீ ஒப்பிட்டுக் கற்றதெல்லாம் இந்தச் சில நிமிடங்களுக்காகத்தான். புகைப்பழக்கமே இல்லாத ஓர் இளைஞர் பளபளக்கும் பெட்டியைப் பார்த்து ஆசையோடு வந்து நின்றால், உன் சொல்வன்மையை அங்கே காட்டாதே. “வேண்டாம் தம்பி” என்று சொல்லி அனுப்பிவிடு. அன்றைக்கு ஒரு விற்பனை குறைந்தால் குறையட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்