உணவு விலக்கும் உண்மை காண்டலும்

ஒருவர்க்கு அமுதாகும் உணவு மற்றொருவர்க்கு நஞ்சாதல் உண்டு. ஓர் உணவு ஒரு குழந்தைக்கு ஒவ்வாதென்பதை எங்ஙனம் துணிவது? அதனை விலக்கிப் பார்த்தல் மட்டும் போதுமா? இரண்டு வரலாறுகளைக் கொண்டு நாம் இதனை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, ஹாலந்து தேசத்தது. ஹேக் நகரில் குழந்தை மருத்துவராயிருந்த வில்லெம் டிக்கே என்பார், வயிறு பருத்து, உடல் மெலிந்து, கழிச்சலால் வருந்திய குழந்தைகள் கோதுமையை நீக்கியவிடத்துத் தேறக் கண்டார். அவர் அவ்வளவில் அமையவில்லை. கோதுமையை மீண்டும் கொடுத்தார், நோயும் மீண்டது. இவற்றை 1950-ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சி நூலில் விளக்கினார். கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதமே சீலியாக் என்னும் அந்நோயைத் தூண்டுவதென்பது பின்னர் நிலைபெற்றது.

இரண்டாவது, ஆட்டிசம் பற்றியது. பிறரோடு பழகுதலிலும் பேச்சிலும் தனிப்போக்குடைய 11 குழந்தைகளைப்பற்றி அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 1943-ஆம் ஆண்டில் எழுதினார். பிற்காலத்தே, குளூட்டனும் பாலிலுள்ள கேசீனும் முற்றும் செரியாது, துணுக்குகளாய் இரத்தத்திற் கலந்து, அபினைப்போல் மூளையைத் தாக்கும் என்று சிலர் கருதினர். அதுகேட்ட பெற்றோர் பலர் தம் மக்களுக்கு ரொட்டியையும் பாலையும் நிறுத்தினர். நலங்கண்டதாகவும் சிலர் உரைத்தனர்.

அவ்வுரையை நாம் பொய்யென்று இகழ்தல் தகாது. ஆயினும் குழந்தை நாடோறும் வளர்கின்றது. பத்தியத்தோடு பயிற்சியும் உடன் நடைபெறுகின்றது. பெற்றோரின் நம்பிக்கையும் அவர்தம் பார்வையைத் திருப்புகின்றது. ஆகவே ரோச்செஸ்டர் நகரில் சூசன் ஹைமன் முதலியோர் வேறு வழியை மேற்கொண்டனர். சீலியாக் நோயில்லாத 14 குழந்தைகள் பத்தியத்தில் இருக்கையில், அப்புரதங்கள் கலந்தனவும் கலவாதனவுமாகிய தின்பண்டங்களை, இன்னது இன்னதெனப் பெற்றோரும் நோக்குவோரும் அறியா வண்ணம் அளித்தனர். நடத்தையிலோ, உறக்கத்திலோ, வயிற்றிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2016-இல் வெளிவந்த இவ்வாராய்ச்சி சிறிதாயினும் முறையாற் செவ்வியது.

பத்தியத்தால் நேரும் இழப்பையும் நாம் எண்ணுதல் வேண்டும். ஆட்டிசமுள்ள குழந்தைகளுட் பலர் மிகச் சில உணவுகளையே ஏற்பர். அவற்றுள் பாலும் நீங்கி, அதற்கு ஈடு அளிக்கப்படாவிடின், சுண்ணச்சத்துக் குன்றி எலும்பு நலிதல் கூடும். மறுபுறம், பேசவியலாக் குழந்தை தன் வயிற்றுவலியை அலறலால் அறிவிக்கலாம். அதனை ஆட்டிசத்தின் இயல்பென்று தள்ளுதலும் தவறேயாம்.

ஆதலின் வயிற்றுத் துன்பம் உண்டாயின் மருத்துவரை அணுகுக. கோதுமையை விலக்கு முன்னரே சீலியாக் நோய்க்குரிய இரத்தப் பரிசோதனையைச் செய்வித்துக்கொள்க; விலக்கியபின் அச்சோதனை உண்மை காட்டாதொழியலாம். விலக்கின், கால எல்லையொன்று வகுத்து, மருத்துவர் துணையோடு மீண்டும் கொடுத்துப் பார்க்க. பயனின்றேல், விரும்பிய உணவைக் குழந்தைக்குத் திருப்பியளித்தலே கடமை என்பது நம் துணிபு.