வாசகர் கடிதமே வாசல்

‘வாடிவாசல்’ எழுதிய சி.சு. செல்லப்பா, திண்டுக்கல் மாவட்டம் வத்தலக்குண்டு மண்ணுக்குரியவர். 1959 ஜனவரியில் சென்னையிலிருந்து ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். அதன் வாசகரான வெங்கட் சாமிநாதன் அப்போது எழுத்தாளராக அறியப்படாதவர். இதழைப் படித்துத் தம் கருத்தைக் கடிதமாக எழுதினார். செல்லப்பா அதைப் பொருட்படுத்தினார். மேலும் எழுதத் தூண்டினார். தமிழுக்கு ஒரு விமர்சகர் கிடைத்தார்.

இங்கே சிபாரிசு இல்லை. ஊன்றிய வாசிப்பே அறிமுகமானது.

நம் வகுப்பறை அனுபவங்கள் பலவும் குறிப்பேட்டிலேயே முடங்கிவிடுகின்றன. அவை வெளிவர நாமும் இவ்வழியைப் பின்பற்றலாம்:

1. எழுத விரும்பும் இதழின் அண்மை இதழ்கள் மூன்றைப் படியுங்கள். பகுதிகள், கட்டுரையின் நீளம், நடை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. வெளிவந்த கட்டுரை ஒன்றைப் பற்றி வாசகர் கடிதம் எழுதுங்கள். வெறும் பாராட்டு போதாது. உங்கள் வகுப்பில் கண்டதைச் சேருங்கள்.

3. பின்னர், எழுத நினைப்பதை ஐந்து வரிகளில் கூறி, இதழாசிரியரின் கருத்தைக் கேளுங்கள்.

4. ஒரே படைப்பை ஒரே நேரத்தில் இரு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள்.

5. திருத்தம் கேட்டால் மகிழுங்கள். உங்கள் எழுத்தை ஒருவர் முழுமையாகப் படித்திருக்கிறார்.

வகுப்பறைச் செயல்பாடு: ‘தேன்சிட்டு’ இதழில் பிடித்த ஒரு பக்கத்தைப் பற்றி மாணவர்களைக் கடிதம் எழுதச் செய்யுங்கள். எழுதியதை அஞ்சலில் சேர்க்க மறவாதீர்கள்.